திரும்பிச் செல்லக் கூடியவனின் தொண்டு

'தொண்டர் ஆசிரியர்' என்ற சொல்லுக்கு நமது நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தனியான பொருள் உண்டு. யுத்த காலத்தில் நியமனம் பெற்ற ஆசிரியர்கள் வர மறுத்த, அல்லது வர முடியாதிருந்த பாடசாலைகளில், சம்பளமின்றியோ சொற்பக் கொடுப்பனவுக்கோ படிப்பித்த ஊர்ப் பிள்ளைகளையே நாம் அப்படி அழைத்தோம். பின்னர் நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் வீதியோரங்களில் அமர்ந்திருந்ததையும் கண்டோம். அவர்களைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. பரிதாபமாகப் பேசினார்கள். சில வேளைகளில் சலிப்போடும் பேசினார்கள்.

அதே சொல்லை என்னோடும் சேர்த்துச் சிலர் சொன்னதுண்டு. 2006, 2007 ஆகிய இரு வருடங்களும் நான் ஆபிரிக்காவின் தென்பகுதியிலுள்ள மலாவி நாட்டில், ஏரிக்கரைக் கிராமமொன்றின் இடைநிலைப் பாடசாலையில் கணிதமும் ஆங்கிலமும் படிப்பித்தேன். ஊர் திரும்பியபோது பள்ளிவாசலில் கண்டவர்களும் கலியாண வீட்டில் கண்டவர்களும் "பெரிய சேவை செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள்" என்றார்கள். வேலை ஒன்றுதான், வெண்கட்டியும் கரும்பலகையும் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்குப் பரிதாபம், மற்றவருக்குப் பாராட்டு. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? அது நியாயமானதா? இக்கேள்வி பல வருடங்களாக என்னோடிருக்கிறது.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மலாவிக்குக் கடல் இல்லை. கடலுக்குப் பதிலாக ஏறத்தாழ 580 கிலோமீற்றர் நீளமான ஓர் ஏரி இருக்கிறது. அதன் தென்புறத்தில், ஷிரே ஆறு ஏரியை விட்டுப் புறப்படும் பகுதியில் மங்கோச்சி நகரம். வெள்ளையர் ஆட்சியில் அதற்கு ஃபோர்ட் ஜோன்ஸ்டன் என்று பெயர். சுற்றுப்புறக் கிராமங்களில் வாழ்வோர் பெரும்பாலும் யாவோ இனத்தவர். அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கிழக்குக் கரையின் சுவாஹிலி வணிகரோடு கொண்ட தொடர்பினால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்களுடைய தலைவர்கள் இஸ்லாத்தைத் தழுவினர். யானைத் தந்தத்தோடு அடிமைகளும் கைமாறிய வணிகம் அது என்பதை மறைப்பதற்கில்லை.

அங்கு வெள்ளையரை 'அசுங்கு' என்பார்கள். இந்திய முகச் சாயலுள்ளவர்களை 'அம்வென்யே' என்பார்கள். இலங்கைக்கும் இந்தியாவுக்குமுள்ள வேறுபாட்டை யாருக்கும் விளக்கி முடியாது. அம்வென்யே என்றால் கடைக்காரன். 1970களில் ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் அரசு ஆசிய வணிகர்களைக் கிராமச் சந்தைகளிலிருந்து அகற்றி நகரங்களுக்குள் ஒதுக்கிவிட்டது. ஆகவே என்னைப் போன்ற முகத்தைக் கிராமத்து முதியவர்கள் கடைசியாகக் கண்டது ஒரு கடை மேசைக்குப் பின்னால்தான். வந்த முதல் வாரத்தில் ஒரு மூதாட்டி, "உங்கள் கடை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். கடையில்லை, படிப்பிக்க வந்திருக்கிறேன் என்று உடனிருந்த மாணவன் மொழிபெயர்த்துச் சொன்னான். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் இவர் என்ன விற்கிறார்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது வெறும் பகிடியாகத் தோன்றவில்லை. வெளியிலிருந்து ஒருவன் வருகிறான் என்றால் அவனிடம் ஏதோ ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கும் என்பது அவர் தன் வாழ்நாளில் கற்றுக்கொண்ட பாடம்.

அன்றாட வாழ்க்கை விடியுமுன் தொடங்கும். குழாய்க்கிணற்றின் கைப்பிடி கிறீச்சிடும் ஓசையே எங்களுக்குச் சேவல். பெண்கள் வாளிகளோடு வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் ஓர் ஆண் நிற்பது வேடிக்கை. அதிலும் ஆசிரியர் நிற்பது பெரிய வேடிக்கை. ஆசிரியருக்கு மாணவர் தண்ணீர் சுமந்து கொடுப்பதே அங்கு வழக்கம். நான் நின்றேன். சில வாரங்களில் அவர்களுக்குப் பழகிவிட்டது. பாடசாலை கால் மணித்தியாலத் தூரம்; ஆனால் அரை மணித்தியாலத்துக்கு முன் போய்ச்சேர முடியாது. வழியில் காணும் ஒவ்வொருவரிடமும் 'முலி ப்வாஞ்சி', சுகமா என்று நின்று கேட்க வேண்டும். அவர் சுகமென்று சொல்லி நம்மிடம் திருப்பிக் கேட்க வேண்டும். நாமும் சொல்ல வேண்டும். பிறகு நன்றி சொல்லி நகர வேண்டும். முஸ்லிம்களோடு அதற்கு முன்னால் ஸலாமும் உண்டு. அவசரமாகக் கடந்து செல்பவன் மனிதரோடு சேர்ந்தவனல்ல என்பது அவ்வூர்க் கணிப்பு. தனித்திருந்தால் விலங்கு, இருவரானால்தான் மனிதர் என்ற கருத்தில் சிச்சேவா மொழியில் ஒரு பழமொழியே இருக்கிறது.

மரத்தில் தொங்கிய பழைய சக்கர வளையத்தை இரும்பினால் அடித்தால் அதுதான் மணி. முதலாம் படிவத்தில் எண்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். வாங்குகள் பாதிப் பேருக்கு. நால்வருக்கு ஒரு பாடநூல் கிடைத்தால் அது நல்ல பாடம். கட்டடத்தின் செங்கற்களை ஊராரே களிமண் குழைத்து, அச்சிலிட்டு, சூளையில் சுட்டுக் கொடுத்திருந்தார்கள். தகரமும் சீமெந்தும் வெளியிலிருந்து வந்தவை.

பிள்ளைகள் வீட்டில் பேசுவது யாவோ மொழி. ஆரம்ப வகுப்புகளில் படித்தது சிச்சேவா; 1968 முதல் அதுவே தேசிய மொழி. பரீட்சை எழுத வேண்டியது ஆங்கிலத்தில். ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு பிள்ளை மூன்று மொழிகளைத் தாண்டி வரவேண்டும். கணக்குத் தெரியாதவன் என்று பெயர் வாங்கிய பலருக்குக் கணக்குத் தெரியும். கணக்கில் வரும் ஆங்கிலச் சொல்தான் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நீண்ட நாள் தேவைப்படவில்லை. தாய்மொழி வழிக் கல்வியைப் பெற்று, பின்னர் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிய ஒருவனுக்கு அந்த வேதனை புதிதல்ல.

மதிய உணவு ந்சிமா. வெள்ளைச் சோள மாவில் கிண்டிய கட்டிக் களி. கூட ஏரியில் பிடித்து வெயிலில் காய்ந்த உசிப்பா என்ற சிறு மீன். நமது நெத்தலிக் கருவாட்டுக்கு உறவுக்காரன். ஜனவரி முதல் மார்ச் வரை பசி மாதங்கள். பழைய சோளம் முடிந்திருக்கும். புதியது பச்சையாக வயலில் நிற்கும். நான் போவதற்கு முந்திய 2005இல் மழை பொய்த்து, நாட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் உணவு உதவி தேவைப்படும் நிலைக்குத் தள்ளப்பட்டிருந்தனர். அந்த மாதங்களில் பிள்ளைகள் 'கன்யு'வுக்குப் போய்விடுவார்கள். கன்யு என்றால் பிறர் வயலில் நாட்கூலி. கூலி பெரும்பாலும் ஒரு பாத்திரம் மாவு. வரவுப் பதிவேட்டில் நாம் இடும் குறி 'சமுகமில்லை' என்று சொல்லும். பிள்ளை எங்கே இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும்.

இனி என் சக ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1994இல் புதிய அரசு ஆரம்பக் கல்விக் கட்டணத்தை நீக்கியபோது, பாடசாலை செல்லும் பிள்ளைகளின் தொகை ஏறத்தாழ 19 இலட்சத்திலிருந்து 30 இலட்சமளவுக்கு ஒரே வருடத்தில் பாய்ந்தது. பயிற்சி பெறாத ஆசிரியர்கள் ஏறத்தாழ 20,000 பேர் அவசரமாகச் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவராகத் தொடங்கி, வேலை செய்துகொண்டே பயிற்சி பெற்று, இடைநிலைப் பாடசாலைக்கு வந்தவர் அவர். தினமும் சைக்கிளில் நெடுந்தூரம் மிதித்து வருவார். சம்பளம் சில மாதங்களில் பிந்திவரும். பிற்பகலில் மண்வெட்டியோடு வயலில் நிற்பார். தன் பிள்ளைகளோடு, மறைந்த சகோதரனின் பிள்ளைகள் மூவரும் அவர் வீட்டில் வளர்ந்தார்கள். அக்காலத்தில் மலாவியில் வயது வந்தவர்களுள் பத்தில் ஒருவருக்கும் மேல் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்ந்தார்கள். அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004இல்தான். மையித்து வீட்டுக்குப் போகாத வாரம் அபூர்வம். ஆசிரியர்களும் இறந்தார்கள். இருப்பவர்கள் இறந்தவர்களின் பாடவேளைகளையும் எடுத்தார்கள்.

எங்களிருவருக்கும் வாரத்தில் பாடவேளைகள் ஏறத்தாழச் சமம். என்னை வரவேற்க ஊர்த் தலைவர் கூட்டம் கூட்டினார், பெண்கள் பாடினார்கள், கோழியொன்று தந்தார்கள். அவரை வரவேற்க யாரும் கூடியிருக்கமாட்டார்கள். ஏன் இப்படி என்று அவரிடமே கேட்டேன். அவர் எளிதாகச் சொன்னார்: "நீங்கள் வராமலும் இருந்திருக்கலாம். நான் எங்கே போவது?"

இதில் ஒரு முழுத் தத்துவமும் அடங்கியிருக்கிறது. வேறொன்றைச் செய்திருக்கக் கூடியவன் இதைச் செய்தால்தான் அது அறம். வேறு வழியில்லாதவன் செய்தால் அது பிழைப்பு. நாம் எல்லோரும் ஏறத்தாழ இப்படித்தான் எடைபோடுகிறோம். நிய்யத்துக்கு நாம் கொடுக்கும் முக்கியத்துவமும் இதற்கு ஓரளவு துணைபோகிறது. ஆனால் இந்த எடைக்கல் சரியானதல்ல என்பது எனது கருத்து. வேறு வழியில்லாதவர் எவரும் முழுக்க வழியற்றவரல்லர். சம்பளம் பிந்தும் மாதத்தில் பாடசாலைக்கு வராமலிருக்க அவருக்கு வழியிருந்தது, பலர் வராமலிருந்தார்கள். வந்து, கதிரையில் அமர்ந்து, பிள்ளைகளைக் குறிப்பெழுத விட்டுவிட்டுத் தூங்க வழியிருந்தது. அவர் தூங்கவில்லை. நான் ஒருமுறை தெரிவு செய்து விமானத்தில் ஏறினேன். அவர் ஒவ்வொரு காலையும் தெரிவு செய்து சைக்கிளில் ஏறினார். என் தெரிவுக்குச் சாட்சிகள் இருந்தார்கள். அவர் தெரிவுக்கு இல்லை. பாராட்டில் உள்ள வேறுபாடு சாட்சிகளின் வேறுபாடேயன்றி அறத்தின் வேறுபாடல்ல. நமது வடகிழக்குத் தொண்டர் ஆசிரியர்களுக்கும் இதுவே பொருந்தும்.

ஆனால் கேள்வி இத்தோடு முடியவில்லை. திரும்பிச் செல்லக் கூடியவனிடம் பாராட்டு மட்டுமல்ல, அதிகாரமும் வந்து சேர்கிறது.

அங்கு ஆரம்பக் கல்விதான் இலவசமாயிருந்தது. இடைநிலைக்குத் தவணைக் கட்டணம் இருந்தது. இரண்டாம் படிவத்தில் ஒரு மாணவி இருந்தாள். பதினைந்து வயது. கணிதத்தில் அவளுக்கு இணையாக அந்த வகுப்பில் யாருமில்லை. கரும்பலகையில் நான் எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொள்வாள். இரண்டு தவணைக் கட்டணம் நிலுவை. வகுப்பிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படுவோரின் பட்டியலில் அவள் பெயர் வந்தது. கட்டணம் எனது மாதாந்தப் படியில் ஒரு சிறு பகுதி.

வெளிநாட்டிலிருந்து போன ஆசிரியர் ஒவ்வொருவரும் இந்த இடத்தில் வந்து நின்றிருப்பார்கள். அவர்களில் சிலர் ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்துப் படிக்கவைப்பார்கள். அது அன்பினால் நடப்பது என்பதில் ஐயமில்லை. ஆனால் எண்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் ஒருவரை நான் தெரிந்தெடுத்தால், மற்ற எழுபத்தொன்பது பேரையும் நானே தெரிந்து விலக்கியவனாகிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் என் முகத்தைப் பார்த்தே நடக்கத் தொடங்கும். நான் ஆசிரியன் என்பது போய், கதவைத் திறப்பவனாகிவிடுவேன்.

ஆகவே மூன்று பிள்ளைகளுக்குப் படிவம் நான்கு வரை போதுமான தொகையைப் பெற்றோர் ஆசிரியர் குழுவிடம் கொடுத்து, யாருக்கென்பதை அவர்களே முடிவு செய்யட்டும், அதில் நான் தலையிடமாட்டேன் என்று சொன்னேன். குழுவில் ஊர்ப் பெரியவர்கள், இரண்டு தாய்மார், அதிபர், என் சக ஆசிரியர். ஒரு மாமரத்தடியில் நீண்ட நேரம் பேசினார்கள். மூன்று பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். மூவரும் தாயும் தந்தையும் இல்லாமல் பாட்டிமாரிடம் வளர்பவர்கள். அவள் அதில் இல்லை.

காரணத்தை என் சக ஆசிரியர் விளக்கினார். அவளுடைய வாப்பா உயிரோடிருக்கிறார். ஏரியில் அவருக்கு வலையும் தோணியும் இருக்கின்றன. கட்ட முடியாதவரல்லர், மகனுக்குக் கட்டிவிட்டு மகளுக்குப் பிந்தியவர். "அவள் கெட்டிக்காரி என்பதற்காக நாங்கள் கட்டினால், கெட்டிக்காரப் பிள்ளை உள்ள ஒவ்வொரு தகப்பனும் தன் கடமையைக் கீழே வைத்துவிடுவான். நீங்கள் போன பிறகு அதை யார் தூக்கி அவன் தலையில் வைப்பது?" என்றார்.

அந்த வாதத்தில் ஓட்டையில்லை. நான் தெரிந்தெடுத்திருந்தால் திறமையைத் தெரிந்தெடுத்திருப்பேன். பரீட்சையில் சித்தி பெற்று, பெயர் சொல்லி, எனக்குக் கடிதம் எழுதக்கூடிய பிள்ளையையே தெரிந்தெடுத்திருப்பேன். அவர்கள் யாருக்கு யாருமில்லை என்று பார்த்தார்கள். எதிர்காலத்தில் யார் பயன்தருவார் என்ற கணக்கு என்னுடையது. இன்று யாருக்கு உரிமை இருக்கிறது என்ற கணக்கு அவர்களுடையது. ஸகாத் கொடுப்பவனின் தயவல்ல, பெறுபவனின் ஹக்கு என்று நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வருகிறோம். ஹக்கு என்றால், கொடுப்பவனுடைய விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. அந்தப் பாடத்தை மாமரத்தடியில் நடைமுறையாகக் கண்டேன்.

அவள் அந்த வருடம் மூன்றாம் தவணைக்கு வரவில்லை. அடுத்த அறுவடைக்குப் பின் அவளுக்குத் திருமணம் நடந்தது. பெற்றோர் சம்மதித்தால் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பெண்ணை மணமுடிக்க அப்போது அந்நாட்டில் இடமிருந்தது. 2015இல் இயற்றிய சட்டமும் 2017இல் செய்த அரசியலமைப்புத் திருத்தமும்தான் அந்தக் கதவை மூடின. அவளுக்கு அது பிந்திய சட்டம்.

நான்காவதாக அவளுக்கும் இரகசியமாகக் கட்டியிருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அந்த அளவான ஊரில் இரகசியம் என்று ஒன்றில்லை. அதைவிட முக்கியமானது, நான் அப்படிச் செய்திருந்தால் மாமரத்தடியில் நடந்தது ஒரு நாடகமாகியிருக்கும். 'உங்கள் முடிவு எனக்குப் பிடித்தவரை உங்கள் முடிவு' என்பதே அதன் பொருள். தேர்வு செய்யும் உரிமையை ஒப்படைப்பதென்றால், அது எனக்குப் பிடிக்காத இடத்துக்குப் போகும்போதும் ஒப்படைத்ததாகவே இருக்க வேண்டும். அந்த முடிவு நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன்.

ஆனால் நியாயமான முடிவுக்கும் ஒரு விலையிருக்கிறது. அந்த விலையை யார் செலுத்தினார் என்று பார்க்காமல் நியாயத்தைப் பற்றிப் பேசுவது அரைகுறையான பேச்சு. அதை நான் செலுத்தவில்லை. குழுவினரும் செலுத்தவில்லை. அவளுடைய வாப்பாவும் செலுத்தவில்லை. அந்தக் கூட்டத்தில் இடமில்லாதிருந்த ஒருத்தியே செலுத்தினாள். குழுவில் இரண்டு தாய்மார் இருந்தார்கள். மாணவி ஒருத்தியும் இருந்திருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்குமா? 'ஊரிடம் விட்டுவிடுவது' என்று நாம் சொல்லும்போது, ஊர் என்பது யார் என்ற கேள்வி உடனே எழுகிறது. ஊரென்பது பெரும்பாலும் பேச அனுமதிக்கப்பட்டவர்களின் தொகுதி. இது மலாவிக்கு மட்டும் உரிய குறையல்ல. நமது பள்ளிவாசல் நிர்வாகங்களைப் பற்றியும் நாம் யோசித்துக்கொள்ளலாம்.

இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் 1968இல் மெக்சிக்கோவில், கிராமங்களுக்குத் தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவர்களின் முன்னால் ஓர் உரை நிகழ்த்தினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அதன் சாரம். தொண்டன் தன்னோடு கொண்டுவருவது தன் வாழ்க்கை முறையின் விளம்பரத்தையே என்பது அவர் வாதம். அதில் பெரும் உண்மை இருக்கிறது. வெளியிலிருந்து வந்த கல்விக்கு நிபந்தனை இருந்ததை அந்த ஏரிக்கரை நன்கறியும். ஸ்கொட்லாந்து மிஷனரிமார் 1875இல் முதலில் வந்திறங்கிய கேப் மக்ளியர் இன்றைய மங்கோச்சி மாவட்டத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போனால் மார்க்கம் போய்விடும் என்று யாவோ முஸ்லிம்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள், கல்வியில் பின்தங்கினார்கள். நமது 19ஆம் நூற்றாண்டுக் கதையும் இதுதான். நமக்கு அறிஞர் சித்திலெப்பை கிடைத்தார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' வந்தது. 1892இல் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியான மத்ரஸா வந்தது. அவர்களுக்கு அந்த மாற்றம் மிகப் பிந்தியே வந்தது.

ஆயினும் இல்லிச்சின் முடிவை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. அந்தப் பாடசாலையில் மேல்வகுப்புக் கணிதத்துக்கு ஆளில்லை. பரீட்சை வருகிறது. கரும்பலகை வெறுமையாக இருக்கிறது. வராதீர்கள் என்பது தூய்மையான பதில். ஆனால் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு அந்தத் தூய்மையால் ஆவதொன்றுமில்லை. வரலாம். வந்து, கேட்ட வேலையைச் செய்யலாம். கேட்காத அதிகாரம் கையில் வந்து விழும்போது அதை என்ன செய்வது என்பதே உண்மையான கேள்வி.

சேவா மக்களிடம் இன்னொரு பழமொழி இருக்கிறது. கூரிய சவரக்கத்தியோடு வருபவனே விருந்தாளி என்பது அதன் கருத்து. உள்ளூராரால் அறுக்க முடியாத முடிச்சை வெளியிலிருந்து வருபவன் அறுத்துவிடுவான் என்று புகழ்ச்சியாகவே சொல்வார்கள். எனக்கான வரவேற்பிலும் அதைச் சொன்னார்கள். கத்தி கூரியது என்பது உண்மை. ஆனால் விருந்தாளி போகும்போது கத்தியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஊரில் மிஞ்சுவது மழுங்கியதானாலும் அவர்களுடைய கத்திதான். அதைத் தீட்டுவதற்குக் கொஞ்சம் உதவினோமா என்பதே வந்துபோனவனிடம் கேட்க வேண்டியது.

என் சக ஆசிரியர் அதற்குப் பிறகும் அங்கேயே இருந்தார். மூன்று பிள்ளைகளில் இருவர் படிவம் நான்கை முடித்தார்கள் என்று எழுதியிருந்தார். அவளைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. குழாய்க்கிணற்றுக்கான ஊர்க் குழுவில் பணக் கணக்கை அவள்தான் எழுதுகிறாளாம். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. கணக்கில் அவள் கெட்டிக்காரி என்பது முன்பே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.